ஆற்று முகத்துவாரத்தில் குடும்ப நடை: முதல்முறை போகிறவர்களுக்கு

சிலாங்கூர் மாநிலத்தில் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில், பேரங்காடி, இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். காட்டுப் பக்கம் நடக்கலாமே என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் மலை ஏறுகிறவர்களுக்கு" என்று பேச்சு முடிந்துவிடும். மலையே ஏறாமல் நடக்க நமக்கு ஓர் இடம் இருக்கிறது. கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா, புக்கிட் மெலாவாத்தி அடிவாரத்தில். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து காடியில் போனால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தரை சமம், பாட்டியும் நடக்கலாம், ஐந்து வயதுக் குழந்தையும் நடக்கலாம்.

சுலபம்தான். ஆனாலும் முன்கூட்டி இரண்டு மூன்று விஷயம் பார்த்துவிட்டுப் போனால்தான் அந்த நடை இனிக்கும். அந்த வரிசையைக் கீழே எழுதுகிறேன்.

முதலில் இது என்ன நிலம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிலாங்கூர் ஆறு ஃப்ரேசர் மலைப் பக்கம் பிறந்து, கோல குபு பாருவைத் தாண்டி, நம் பெஸ்தாரி ஜெயா வழியாகப் போய் கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். மலையில் வேகமாக வருகிற தண்ணீர் நம் பக்கம் வந்ததும் சரிவு இல்லாமல் வளைந்து வளைந்து மெதுவாகப் போகும். மழை கூடினால் கரை தாண்டும். தாண்டும்போதெல்லாம் வண்டலைப் பரப்பிவிட்டுப் போகும். நம் வீடும் தோட்டமும் பள்ளிக்கூடமும் நிற்கிற சமவெளி இப்படித்தான் உண்டானது. தோட்டங்களில் எங்கே பார்த்தாலும் கான் (வடிகால்) வெட்டியிருப்பதும் அந்தத் தண்ணீரை வெளியேற்றத்தான்.

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் எஸ்டேட் 1917இல் தொடங்கியது நம் ஊரில்தான். அதன் பிறகு இந்தச் சமவெளியின் பெரும்பகுதி பால்மரமும் செம்பனையுமாக மாறிவிட்டது. தண்ணீர் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும் நிலத்தைப் பார்க்க முகத்துவாரத்துக்குத்தான் போக வேண்டும். 1987இல் மலேசிய இயற்கைக் கழகமும் மாநில அரசும் சேர்ந்து அந்த இடத்தைப் பூங்காவாக ஆக்கின. உள்ளே ஓர் ஏரி, அதைச் சுற்றி மண்கரை, மண்கரைக்கு வெளியே அலையாத்திக் காடு, அதற்கும் அப்பால் சேறும் கடலும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "பூங்கா எதற்கு, வீட்டுப் பக்கத்திலேயே நடக்கிறோம்" என்று பழைய ஈயச்சுரங்கக் குட்டைப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். கரை திடமாகத் தெரியும், காலுக்கடியில் சரியும், இரண்டடி தள்ளி ஆழம் தெரியாது. செம்பனைத் தோட்டத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் வேண்டாம். மருந்து அடிக்கிற நாள் நமக்குத் தெரியாது.

நாளைத் தேர்ந்தெடுப்பது

இதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆற்று முகத்துவாரத்தில் நாள், நேரம் இரண்டையும் முடிவு செய்வது கடல்.

தண்ணீர் ஒரு நாளில் ஏறத்தாழ இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏறுவதைப் பாசாங் என்றும் இறங்குவதைச் சூருட் என்றும் அங்குள்ள மீனவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு ஏறிய நேரத்திலிருந்து நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அதனால் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் எட்டு மணிக்குப் போய் நண்டும் மீனும் பார்த்தார் என்பதற்காக நீங்களும் எட்டு மணிக்குப் போனால் வெறும் தண்ணீரைத்தான் பார்ப்பீர்கள். கைப்பேசியில் கிள்ளான் துறைமுகத்தின் கடல் ஏற்ற அட்டவணையைத் தேடிப் பாருங்கள். கோல சிலாங்கூருக்கு ஏறத்தாழ அது போதும்.

தேட வேண்டியது இதுதான்: காலை பத்து, பதினொரு மணிவாக்கில் தண்ணீர் முழுவதும் வற்றுகிற நாள். அப்படிப்பட்ட நாளில் எட்டு மணிக்கு நீங்கள் நடக்க ஆரம்பித்தால் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் இன்னும் கொஞ்சம் சேறு வெளியே வரும். சேற்றில் இருக்கிற உயிரெல்லாம் சாப்பிட வெளியே வருகிற நேரம் அது.

வீட்டில் தொங்குகிற தமிழ் நாள்காட்டியும் இங்கே உதவும். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக இறங்கும். கிள்ளான் பக்கம் அந்த வித்தியாசம் ஏறத்தாழ 4 மீட்டர் வரை போகும். சேறு பார்க்க அது நல்ல நாள். ஆனால் தண்ணீர் உச்சத்தில் இருக்கும்போது அலையாத்திப் பக்கத்துப் பாதை நனைந்திருக்கலாம். முதல்முறை போகிறவர்கள் அமாவாசை, பௌர்ணமி நாளைத் தவிர்த்துச் சில நாள் தள்ளி வைத்துக்கொண்டால் நல்லது.

அப்புறம் மழை. நம் ஊரில் வெயில் அடித்தாலும் கோல குபு பாரு மலையில் பெய்த மழை சில மணி நேரம் கழித்து நம் ஆற்றில் வந்து சேரும். தோட்டத்துக் கான் தண்ணீர் மதகு வழியாகத்தான் ஆற்றுக்குப் போகிறது. ஆறும் கடலும் தாழ்ந்திருக்கும்போது மதகைத் திறந்து விடுவார்கள், ஏறும்போது மூடிவிடுவார்கள். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் தண்ணீருக்குப் போக இடமில்லை, வெள்ளம்தான். ஆகவே முந்தைய இரண்டு நாள் பெருமழை பெய்திருந்தால் நடையை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் 'இன்ஃபோ பஞ்சிர்' இணையத்தளத்தில் ஆற்று மட்டம் போட்டிருப்பார்கள். சாதாரணம், வாஸ்பாடா, அமாரான், பஹாயா என்று நான்கு நிலை. சாதாரணத்தைத் தவிர வேறு எது இருந்தாலும் போக வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வழக்கம். அந்த மாதங்களில் பதினொன்றுக்கு முன்பே காடிக்குத் திரும்பிவிடுங்கள்.

எவ்வளவு தூரம்

குடும்பத்தில் மெதுவாக நடக்கிறவர் யாரோ அவரை வைத்துத் திட்டம் போடுங்கள். சின்னப் பிள்ளைகளோ முட்டி வலிக்கிற பாட்டியோ இருந்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க அதிகமாகத் தோன்றும். நின்று பார்க்கிற நேரத்தையும் சேர்த்தால் அதுதான் சரி.

முதல் தடவை ஏரியைச் சுற்றும் மண்கரையில் ஒரு பகுதி மட்டும் போதும். அலையாத்திக் காட்டுக்குள் போகிற பலகைப் பாதையைச் சில நேரம் பழுதுபார்க்க மூடியிருப்பார்கள். கிளம்புவதற்கு முதல் நாளே தொலைபேசியில் பூங்கா திறக்கும் நேரத்தையும் பாதையையும் கேட்டுவிடுங்கள். கைக்குழந்தைக்குத் தள்ளுவண்டி சரிவராது. புல், வேர், மழைக்குப் பின் சேறு என்று தடம் மாறிக்கொண்டே இருக்கும். மார்போடு கட்டிக்கொள்ளும் பைதான் நல்லது.

திரும்பும் நேரத்தை முன்பே பேசி வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கலாம் என்று நினைத்தால், முக்கால் மணி ஆனதும் எந்த இடமாக இருந்தாலும் திரும்புங்கள். தாத்தா "இன்னும் கொஞ்சம் போகலாம்பா, எனக்கு ஒன்றும் இல்லை" என்பார். போன தூரத்தைத் திரும்பி வர வேண்டுமே!

எடுத்துப் போக வேண்டியவை

ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர், தொப்பி, கொசு மருந்து, முழுக்கால் சட்டை. ஏடிஸ் கொசு காலையிலும் கடிக்கும், அதனால் மருந்தைக் காடியிலேயே தடவிவிடுங்கள். சிலிப்பர் வேண்டாம், பின்பக்கம் மூடிய பழைய சப்பாத்து போதும். காடியில் மாற்றுத் துணி ஒரு செட். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கவலை இல்லை.

சாப்பாட்டை மட்டும் உள்ளே கொண்டு போகாதீர்கள். நாசி லெமாக்கோ ரொட்டி சானாயோ டவுனிலேயே பசியாறிவிட்டு வாருங்கள். காரணம் குரங்கு.

குரங்குகளிடம்

இங்கே இரண்டு வகை. நீண்ட வாலும் பழுப்பு நிறமுமாக, கூட்டமாகத் தரையில் திரிவது கேரா. பிளாஸ்டிக் பை சலசலத்தாலே ஓடி வரும், கையிலிருந்து பிடுங்கும், பிள்ளை பயந்து இழுத்தால் கடிக்கவும் செய்யும். சாம்பல் நிறத்தில் தலையில் கொண்டை போல முடி வைத்துக்கொண்டு மரத்தில் சாந்தமாக உட்கார்ந்திருப்பது லோத்தோங். அதன் குட்டி பிறக்கும்போது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். சில மாதத்தில் தாயின் நிறத்துக்கு வந்துவிடும். சாம்பல் மடியில் ஆரஞ்சுக் குட்டியைப் பார்த்தால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

புக்கிட் மெலாவாத்தியில் பயணிகள் லோத்தோங்குக்குப் பயற்றங்காய் கொடுப்பதைப் பார்ப்பீர்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம். லோத்தோங் இலை தின்று வாழ்கிற பிராணி. மனிதர் கையை எதிர்பார்த்துப் பழகிவிட்டால் சாலைக்கு இறங்கும், காடியில் அடிபடும். பையைத் தோளின் முன்பக்கம் மாட்டுங்கள், பல்லைக் காட்டிச் சிரித்துக் கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், கேரா கிட்டே வந்தால் ஓடாமல் மெதுவாக விலகுங்கள்.

நிற்கக் கற்றுக்கொடுங்கள்

நடையைவிட நிற்பதில்தான் இந்த இடம் தன்னைக் காட்டும். சேறு தெரிகிற ஓரமாக ஓர் இடம் பாருங்கள். நீங்கள் வந்ததும் எல்லாம் வளைக்குள் போய்விடும், வெறும் ஓட்டைகள்தான் தெரியும். "ஒன்றுமே இல்லையே" என்று நகரத் தோன்றும். நகராதீர்கள். பிள்ளைகளைக் குந்த வைத்து, சத்தம் போடாமல், நிழல் சேற்றில் விழாமல் ஐந்து நிமிடம் இருங்கள்.

முதலில் ஒரு கண் எட்டிப் பார்க்கும். பிறகு கட்டைவிரல் அளவு நண்டு ஒன்று வெளியே வரும். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பெண் நண்டைக் கூப்பிடவும் மற்ற ஆணை விரட்டவும் அதுதான் அடையாளம். சாப்பிட அந்தக் கை உதவாது. சின்னக் கையால் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்து, சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சின்ன உருண்டையாகத் துப்பும். வளையைச் சுற்றி உருண்டைகள் கிடப்பதைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். பெண் நண்டுக்கு இரண்டு கையும் சிறிது, அதனால் இரண்டாலும் கிள்ளிச் சாப்பிடும். எது வேகமாகச் சாப்பிடுகிறது என்று பிள்ளைகளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அதே சேற்றில் துள்ளுகிற மீனையும் பார்ப்பீர்கள். தோல் ஈரமாக இருக்கும்வரை அதனால் தோல் வழியாகவும் மூச்சு விட முடியும், அதனால்தான் தண்ணீருக்கு வெளியே உலாவுகிறது. முதுகுத் துடுப்பை விசிறி விரிப்பது இன்னொரு மீனிடம் எல்லை காட்ட.

தலையைத் தூக்கினால் மரங்கள். சேற்றிலிருந்து மேல்நோக்கிக் குச்சி குச்சியாக வேர் நீட்டியிருந்தால் அது அப்பி-அப்பி. சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு வாங்குகிறது. வளைந்த கால்கள் ஊன்றி நின்றால் பாக்காவ். அதில் பச்சைக் காய் போல நீளமாகத் தொங்குவது காய் அல்ல, மரத்திலேயே முளைவிட்ட கன்று. கீழே விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், அல்லது மிதந்து வேறிடம் போய் வேர் பிடிக்கும்.

பறவைக்குச் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். வடக்கே சைபீரியா பக்கமிருந்து கரைப்பறவைகள் குளிருக்குத் தப்பி வந்து இறங்கும். மற்ற மாதங்களிலும் நாரை, கொக்கு, மீன்கொத்தி உண்டு. வெள்ளைத் தலையும் செம்பழுப்புச் சிறகுமாக வட்டமிடுவது நம் வீட்டுப் பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன். பாட்டிக்கு முதலில் காட்டுங்கள்.

தண்ணீர் ஓரத்தில்

பிள்ளைகள் ஆற்று விளிம்புக்குப் போகக் கூடாது, சேற்றில் இறங்கவும் கூடாது. முழங்கால்வரை புதைந்தால் தூக்கி எடுப்பது கஷ்டம். முகத்துவார ஆறுகளில் முதலை இருக்கலாம். 'அவாஸ் புவாயா' (முதலை, எச்சரிக்கை) என்ற பலகையைக் கண்டால் அங்கே நிற்கவே வேண்டாம். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காமல் உடனே காடிக்கு நடங்கள். ஏதாவது ஆகிவிட்டால் 999.

வீட்டுக்கு வந்ததும்

சப்பாத்தை வாசலிலேயே கழுவி வெயிலில் வையுங்கள். எல்லாரும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், குறிப்பாகக் காலில் கீறல் இருந்தால். சேற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்க வாய்ப்புண்டு. அடுத்த ஒரு மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கிளினிக்கில் "ஆற்றுப் பக்கம் போனோம்" என்று சொல்லத் தவறாதீர்கள். கேட்டால்தான் சொல்வோம் என்று இருக்க வேண்டாம்.

முதல் நடை நன்றாக அமைந்தால், இரண்டாவதற்கு அதே பாதையைத் தண்ணீர் நிறைந்து நிற்கும் நேரம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நண்டு தெரியாது. ஆனால் வெளியே சேறு மூழ்கிவிடுவதால் கரைப்பறவைகள் உள்ளே ஒதுங்கி வந்து கூட்டமாக நிற்கும். அப்போது மண்கரையில் நின்றபடியே கிட்டத்தில் பார்க்கலாம்.