பனாவே, பட்டாட் படிவயல்கள்: போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், கோர்டில்லெரா மலைகளுக்கு நடுவே இருக்கிறது இஃபுகாவோ மாகாணம். பனாவே அதிலுள்ள ஊர், பட்டாட் அதற்குப் பக்கத்து மலைக்கிராமம். மலைச்சரிவை அடுக்கடுக்காகச் செதுக்கிய அந்த நெல்வயல்களின் படத்தைப் பார்த்துவிட்டு, மணிலாவில் இராப் பேருந்து ஏறுகிறவர்கள் ஏராளம். அவர்களில் கணிசமானவர்கள் 'படத்தில் இருந்தது போல இல்லையே' என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்புகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அவர்கள் தங்கள் விடுமுறையைப் பார்த்துத் தேதி குறித்தார்கள், பயிரைப் பார்க்கவில்லை. அது இன்றும் உழுது நட்டு அறுக்கிற வயல். எந்த மாதம் எப்படி இருக்கும், எந்த வரப்பில் கால் வைக்கலாம், யாரிடம் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கே விவசாயம்தான் முடிவு செய்கிறது.

மாதத்தில் தவறுவது

இஃபுகாவோவின் பாரம்பரிய நெல்லான தினாவோன் வருஷத்துக்கு ஒரு போகம். மலைக்குளிரில் மெதுவாக முதிரும் ரகம். நவம்பர், டிசம்பரில் நாற்று விடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் நடவு. ஏப்ரல், மே மாதங்களில் பயிர் தழைத்து நிற்கும். ஜூனில் பழுக்க ஆரம்பித்து ஜூலையில் அறுவடை. அதன் பிறகு களை எடுப்பது, வரப்பு செப்பனிடுவது என்று வயல் மண்ணும் தண்ணீருமாகக் கிடக்கும். உயரத்தைப் பொறுத்து இதெல்லாம் சில வாரங்கள் முன்பின் ஆகும். தாழ்வான, வெப்பம் கூடிய பகுதிகளில் குறுகிய கால ரகம் போட்டு இரண்டு போகம் எடுப்பவர்களும் உண்டு.

ஆகவே, கண்ணாடி போல் வானத்தைக் காட்டும் தண்ணீர் வயல்தான் வேண்டும் என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. பச்சை வேண்டும் என்றால் ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும். பொன்னிறம் வேண்டும் என்றால் ஜூன் கடைசி, ஜூலை முதல் வாரம். ஒன்றைக் கேட்டால் இன்னொன்று கிடைக்காது. செப்டம்பரில் போய் இறங்கிவிட்டுப் பச்சையைத் தேடுவதில் அர்த்தமில்லை.

ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மூடுபனியும் சாரலும் அரை நாளை விழுங்கிவிடும். நாலு மணி நேரம் காத்திருந்தால் பத்து நிமிஷம் திரை விலகும். ஜூலை முதல் அக்டோபர் வரை புயல்காலம். மண் சரிந்து பாதை அடைபடுவது அங்கே சாதாரணம். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் நாடே விடுமுறையில் இருக்கும். பேருந்தும் அறையும் முன்பதிவு இல்லாமல் கிடைப்பது கடினம். நாள் குறிப்பதற்கு முன் தங்கப்போகும் விடுதிக்குச் செய்தி அனுப்பி, 'இப்போது வயல் எந்த நிலையில் இருக்கிறது' என்று கேளுங்கள். நாலு நாளுக்குள் எடுத்த ஒரு படம் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. இந்த ஒரு கேள்வி பாதி ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடும்.

பனாவே காட்சிமுனையோடு திரும்புவது

யுனெஸ்கோ 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது ஐந்து வயல் தொகுதிகளை: பட்டாட், பங்கான், மயோயாவ், ஹுங்துவான், கியாங்கானில் உள்ள நகாகடான். பனாவே ஊருக்கு மேலே சாலையோரக் காட்சிமுனையிலிருந்து தெரியும் வயல்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தப் பக்கம் தகரக் கூரைகளும் கான்கிரீட் கட்டிடங்களும் பெருகிவிட்டன. பணத்தாளில் அச்சான புகழ் பனாவேக்கு உண்டு, பார்க்க வேண்டிய இடமும்தான். ஆனால் அங்கே இரண்டு மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டு 'உலகப் பாரம்பரியச் சின்னத்தைப் பார்த்தாயிற்று' என்று பேருந்து ஏறுபவர்கள் அதைப் பார்க்கவே இல்லை.

நேரம் குறைவு, நடக்க முடியாது என்பவர்களுக்குப் பங்கான் பொருத்தம். பிரதான சாலையிலிருந்தே முழுத் தொகுதியும், வயலுக்கு நடுவே சின்னக் கிராமமும் தெரியும். நடக்கத் தெம்பு இருந்தால் பட்டாட். அரைவட்ட அரங்கு போல மலை வளைந்து நிற்க, கல் அடுக்கிய சுவர்கள் அடியிலிருந்து உச்சி வரை ஏறும். கூட்டமே வேண்டாம் என்றால் ஹுங்துவானின் ஹாபாவ் பகுதி.

'இரண்டாயிரம் வருஷப் பழமை' என்று எல்லாத் துண்டுப்பிரசுரங்களும் சொல்லும். தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோவின் அகழாய்வுகள் வேறு கணக்குச் சொல்கின்றன: மலையில் நீர்நெல் சாகுபடி பெருகியது ஸ்பானியர் வந்த காலத்தை ஒட்டி, சுமார் 400 ஆண்டுகளுக்கு முன். சமவெளியில் ஸ்பானியருக்குப் பணியாமல் மலையேறியவர்கள் இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை சுவர் எழுப்பினார்கள் என்றால், அதுதான் கூடுதல் வியப்பு.

ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பது

மணிலாவிலிருந்து பனாவே ஏறக்குறைய 350 கி.மீ. இராப் பேருந்துக்கு ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். விடியற்காலை இறங்கி, அன்றே பட்டாட் போய்வந்து, அன்று இரவே திரும்பும் பேருந்தைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. தாளில் அது சரியாக வரும். நேரில், தூங்காத உடம்போடு நூற்றுக்கணக்கான படி இறங்கி ஏற வேண்டும். அன்றைக்கு மூடுபனி என்றால் பார்த்ததும் ஒன்றுமில்லை. பட்டாட்டில் குறைந்தது ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு வையுங்கள். மழை மாதங்களில் பெரும்பாலும் காலையில் தெளிந்து பிற்பகலில் மேகம் கூடும். அங்கேயே தங்கியவருக்குத்தான் அந்தக் காலை கிடைக்கும்.

பேருந்தில் குளிர்சாதனம் எலும்பை உறைய வைக்கும். கம்பளிச் சட்டையையும் காலுறையையும் அடியில் போகும் பெரிய பையில் வைத்துவிட்டு விடிய விடிய நடுங்குவது இந்தப் பாதையின் நிரந்தரக் காட்சி. கையோடு வைத்துக்கொள்ளுங்கள். குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். வளைவுகள் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை.

பனாவேயிலிருந்து பட்டாட் பக்கம் ஜீப்னியோ (ஜீப்பை நீட்டிச் செய்த பொது வண்டி) ட்ரைசிக்கிளோ (பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிள்) சுமார் ஒரு மணி நேரம். பொது ஜீப்னி ஊர்க்காரர்களின் வசதிக்காக ஓடுவது: காலையில் அவர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்து, பிற்பகலில் திரும்பக் கொண்டுபோகும். காலையில் அங்கே போக வேண்டும் என்றால் தனி வண்டி அமர்த்த வேண்டியிருக்கும். ஏறுவதற்கு முன் நாலு விஷயம் பேசி முடியுங்கள்: வாடகை ஆளுக்கா வண்டிக்கா, போவதற்கு மட்டுமா திரும்பவும் சேர்த்தா, காத்திருந்தால் எவ்வளவு, எந்த இடம் வரை இறக்கிவிடுவார். கடைசிக் கேள்விதான் பலருக்கு விட்டுப்போகிறது. சாலை முடிகிற இடம் வரை என்பதும், அதற்கு முன்னுள்ள சேடில் என்ற மேட்டோடு நிறுத்துவது என்பதும் ஒன்றல்ல.

சாலை முடிந்த பிறகு நடைதான். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதற்கு வழியில்லை. பெரிய பையைப் பனாவே விடுதியில் விட்டுவிட்டு ஐந்தாறு கிலோவுக்கு மேல் போகாத முதுகுப்பையோடு போங்கள்.

வரப்பில் நடக்கத் தெரியாமல் நடப்பது

அதிகம் அடிபடுவதும், அதிகம் சேதம் செய்வதும் இங்கேதான்.

பட்டாட்டில் பாதை என்பது பல இடங்களில் சுவரின் தலைதான். ஒரு பக்கம் கணுக்காலுக்கு மேல் சேறும் தண்ணீரும், மறுபக்கம் ஓராள் உயரத்துக்கும் அதற்கு மேலும் பள்ளம். தடுமாறினால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை நடக்கத் தொடங்கும்போதே மனத்தில் வைக்க வேண்டும்: வயல் பக்கம். சேற்றில் கால் புதைந்தால் துவைத்துக்கொள்ளலாம். கேமராவைக் காப்பாற்றப் போய்ப் பள்ளத்துப் பக்கம் சாய்கிறவர்களுக்குத்தான் கை கால் முறிகிறது. நடந்துகொண்டே படம் எடுக்காதீர்கள். நிற்க வேண்டும் என்றால் இரண்டு காலையும் ஊன்றி நின்று எடுங்கள்.

எதிரே சுமையோடு ஒருவர் வந்தால் ஒதுங்க வேண்டியது நீங்கள். அதுவும் அவர் பக்கத்தில் வந்த பிறகல்ல. தூரத்தில் பார்த்தவுடனேயே அகலமான மூலையில் நின்றுவிடுங்கள். முதுகில் மூட்டையோடு வருபவரால் ஒரு சாண் வரப்பில் விலக முடியாது.

அடுத்தது கைத்தடி. முனையில் இரும்பு உள்ள மலையேற்றத் தடியை வரப்பில் ஊன்றிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இருக்கிறது. கல் சுவருக்குப் பின்னால் ஜல்லியும் மண்ணும், அதன் மேல் தண்ணீர் இறங்காமல் மிதித்து இறுக்கிய சேறும் இருக்கின்றன. அந்த இறுகிய பகுதியில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்கி மண்ணை அரிக்கும். சுவர் முதலில் வயிறு தள்ளும், பிறகு ஒரு மழையில் கீழ்வயல் மேல் சரியும். ஏற்கெனவே பெரிய மண்புழுக்கள் துளைத்த வரப்புகளோடு அவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தடி வேண்டும் என்றால் முனைக்கு ரப்பர் உறை போடுங்கள். வரப்பின் ஓரத்தில் ஊன்றாமல் கல்லின் மேல் ஊன்றுங்கள்.

இன்னொன்று, கண்ணுக்கே படாத தவறு. வரப்பில் ஆங்காங்கே கையகல வெட்டு இருக்கும். அதில் ஒரு கல்லோ மரத்துண்டோ மண்கட்டியோ அடைத்திருக்கும். அதுதான் மடை. அந்தக் கல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்துத்தான் கீழ்வயலுக்குப் போகும் தண்ணீரின் அளவு நிற்கிறது. கால் பட்டு அது உருண்டால் மேல்வயல் வடியும், கீழ்வயல் பொங்கும். தட்டிவிட்டால் இருந்தபடி வைத்துவிட்டு, வழிகாட்டியிடம் சொல்லுங்கள். உட்கார வசதிக்காகச் சுவர்க்கல்லைப் பிடுங்குவதும் நடக்கிறது. அதற்கு என்ன சொல்ல.

செருப்போடு போகாதீர்கள். அடிப்பாகம் ஆழமாக வெட்டுள்ள, பழகிய காலணி வேண்டும். பாசி படிந்த கற்படியில் புதுக் காலணியும் வழுக்கும். வயலில் இறங்க வாய்ப்புக் கிடைத்தால் காலில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பாருங்கள். எலிச் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். வாய்க்கால் தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் குடிக்கத் தகுந்ததல்ல.

பட்டாட்டிலிருந்து தப்பியா அருவிக்கு வயலைக் கடந்து, எதிர்மேடு ஏறி, பிறகு செங்குத்தான படிகளில் இறங்க வேண்டும். விடுதியிலிருந்து போய்வர மூன்று நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். இறங்கும்போது மூச்சு வாங்காது என்பதால் ஏமாந்துவிட வேண்டாம். ஏறி வர அதைவிடக் கூடுதல் தெம்பு வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். முந்தைய இரவு மழை பெய்திருந்தால் அருவிக் குளத்தில் இறங்காதீர்கள், இழுப்பு பலமாக இருக்கும்.

வழிகாட்டி இல்லாமல் போவது

வரைபடத்தில் கோடு தெரிகிறதே என்று தனியாகக் கிளம்புகிறவர்கள் ஏதாவது ஒரு வரப்பில் முட்டி நிற்பார்கள். எது பொதுப்பாதை, எது தனியார் வயல், எந்தச் சுவர் போன வாரம் சரிந்தது என்பதெல்லாம் கைபேசிக்குத் தெரியாது. சுற்றுலா அலுவலகத்தில் பெயர் பதிந்து, சுற்றுச்சூழல் கட்டணம் கட்டி, உள்ளூர் வழிகாட்டியைக் கேளுங்கள். நடவு, அறுவடை போன்ற கட்டங்களில் சடங்கு முடிந்து வயலுக்குள் யாரும் இறங்கக் கூடாத நாட்கள் வரலாம். மும்பாக்கி எனப்படும் பூசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தடை வெளியூர்க்காரருக்கும் சேர்த்துத்தான்.

அறுவடைக் காலத்தில் பாதையோரம் கதிர்க்கட்டுகள் காயும். தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். தினாவோனைக் கதிர் கதிராகக் கைக்கத்தியால் அறுத்துக் கட்டியிருப்பார்கள். நாலு கால்களில் நிற்கும் களஞ்சியத்தின் கால்களில் வட்ட மரத்தட்டு மாட்டியிருக்கும். அது எலி ஏறாமல் இருக்க. அதில் ஏறி நின்று படம் எடுப்பது வேண்டாம்.

பனாவே காட்சிமுனையில் பாரம்பரிய உடையோடு முதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். படத்துக்குப் பணம் எதிர்பார்ப்பார்கள், அதில் தவறில்லை. எடுத்த பிறகு பேரம் பேசுவதுதான் அசிங்கம். குழந்தைகளுக்கு மிட்டாயும் காசும் கொடுத்துப் பழக்காதீர்கள். 'பழைய' புலுல் சிலை என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். நெல்லைக் காக்கும் தெய்வ உருவம் அது. உண்மையிலேயே பழையது என்றால் ஏதோ ஒரு குடும்பத்தின் களஞ்சியத்திலிருந்து வந்தது. புதிதாகச் செதுக்கியதைக் கைவினைஞரிடமே வாங்கலாம்.

படம் எடுப்பதில் ஒரு சொல்: உச்சிவெயிலில் சுவரும் வயலும் ஒரே தட்டையாக விழும். காலை, மாலைச் சாய்வெளிச்சத்தில்தான் ஒவ்வொரு வரப்பின் நிழலும் கோடாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் அடைக்கும் அகலக்கோண லென்ஸைவிட, 70–200 மி.மீ. போன்ற நீள லென்ஸ் அடுக்குகளை நெருக்கிக் காட்டும்.

கையில் பணமில்லாமல் போவது

பட்டாட்டில் ஏடிஎம் கிடையாது. பனாவேயில் இருப்பதை நம்ப முடியாது. தங்கும் நாட்களுக்கும் அவசரத்துக்கும் சேர்த்து மணிலாவிலேயே பெசோ எடுத்துக்கொள்ளுங்கள். 1000 தாளாக அடுக்காமல் 20, 50, 100 தாள்களாக மாற்றுங்கள். மின்சாரமும் கைபேசித் தொடர்பும் வரும், போகும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கை எல்லாம் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள், வயல் நடுவே இருக்கும் ஊருக்குக் குப்பை வண்டி வராது.

திரும்பும் பேருந்துச் சீட்டைப் பனாவேயில் இறங்கிய அன்றே வாங்கிவிடுங்கள். மணிலாவில் விமானம் பிடிக்க வேண்டும் என்றால், பேருந்து சேரும் அதே காலைக்கு டிக்கெட் போடாமல் நடுவில் ஒரு நாள் விடுங்கள். மண்சரிவில் சாலை அடைத்தால் திறக்கும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.