புரட்டாசியில் கன்னியா மலைப்பக்கம் கூட்டமாக நடக்க

கச்சான் காற்று ஓய்ந்து, வாடை மழை இன்னும் பிடிக்காத நாட்கள் இவை. திருகோணமலையில் மலையேற நல்ல காலம்தான், ஆனால் பின்னேரங்களில் இடிமின்னல் வரும். அதனால் நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் பாருங்கள்: பதினொரு மணிக்குள் எல்லாரும் கீழே இறங்கிவிட வேண்டும்.

1892இல் ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்குப்படி 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம், 600 மீற்றர் ஏற்றத்துக்கு மேலும் ஒன்று. 6 கிலோமீற்றரும் 150 மீற்றர் ஏற்றமும் என்றால் ஒன்றரை மணித்தியாலம் வரும். அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெக்கையில், 15 பேரோடு, இரட்டியுங்கள். காலை 6.30க்குப் புறப்பட்டால் போதும். விடியுமுன் போக வேண்டாம், யானை நடமாடும் நேரம் அது. முதல் நாளே ஊரவரிடம் யானை எந்தப் பக்கம் நிற்கிறதென்று கேளுங்கள். பாதை எந்தத் திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதென்றும் விசாரித்து, அனுமதி வேண்டுமென்றால் எடுத்துவிடுங்கள். வழியில் ஈரம் காயாத யானை லத்தி கண்டால் சத்தமில்லாமல் திரும்பிவிடுவதே நல்லது.

ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர். மொத்தக் கூட்டத்துக்கும் ஜீவனி (நீரிழப்புக்குக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) ஐந்து பக்கெற், ஒன்றை ஒரு லீற்றரில் கரைக்க வேண்டும், அரையில் அல்ல. தேங்காய்ச் சம்பல் பத்து மணிக்குள் புளித்துவிடும். எள்ளுருண்டை, பயற்றம் உருண்டை, வாழைப்பழம் போதும். பாட்டாச் செருப்போடு வருபவரை வாகனத்தோடேயே நிறுத்துங்கள், சப்பாத்துத்தான் வேண்டும்.

கூட்டம் குழம்புவது பெரும்பாலும் ஓய்விடத்தில்தான். முன்னால் போனவர்கள் பத்து நிமிடம் இருந்து தண்ணீர் குடிப்பார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர, “சரி, போவம்” என்று எழும்பிவிடுவார்கள். களைத்தவருக்கு மட்டும் ஓய்வே கிடையாது. தலைசுற்றி விழுவதும் அவர்தான். ஓய்வை அவர் வந்து இருந்த பிறகே எண்ணத் தொடங்குங்கள், ஐந்து நிமிடம். வழி தெரிந்தவர் முன்னால், மருந்துப்பெட்டிக்காரர் கடைசியில். அவர் யாரையும் முந்தக் கூடாது. பாதை பிரியும் இடமெல்லாம், கடைசி ஆள் கண்ணில் படும்வரை நில்லுங்கள்.

இறக்கத்தில் சரளைக்கல்லும் காய்ந்த சருகும் சேர்ந்தால் எண்ணெய் பூசியது போல் வழுக்கும். முழங்காலை மடித்து, பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து இறங்குங்கள். ஆளுக்காள் மூன்று மீற்றர் இடைவெளி, ஒருவருக்கு நேர்கீழே இன்னொருவர் வேண்டாம். கல் உருண்டால் “கல்லு!” என்று கத்துங்கள். மலைத்தேன் கூடு தொங்கும் பாறைக்குக் கீழே வாசனைத் திரவியமும் சிகரெட்டும் ஆகாது.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவென்றால் மொட்டைப் பாறையையும் தனிமரத்தையும் விட்டு இறங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் மேலே ஏற வேண்டாம்.

பாம்பு கடித்தால் கட்டவும் கீறவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல், கடித்த இடத்தை அசைக்காமல், 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போனால் இரண்டாவது ஆளும் கடிபடுவார்.

இறங்கியதும் ஓடிப்போய் கன்னியா வெந்நீர்க் கிணற்றில் அள்ளி ஊற்றாதீர்கள். சூடேறிய உடம்பு ஆறட்டும், கால் மணித்தியாலம் நிழலில் இருந்து தண்ணீர் குடியுங்கள். அதற்குள் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி பாருங்கள். இருந்தால் மண்ணெண்ணெய் பூசாமல், சின்னக் குறட்டால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள்.