புதையலை முந்தின நாளே உருட்டிவிடுகிறேன்

எங்கள் குழுவுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை நான் நடத்துகிறேன். சண்டை முடிந்ததும் புதையல் அட்டவணையைப் புரட்டிப் பகடை உருட்ட ஆரம்பித்தால் ஆட்டத்தின் சூடே ஆறிவிடும். அதனால் இப்போதெல்லாம் குகையில் என்ன இருக்கிறது என்பதை முந்தின நாளே உருட்டி வைத்துவிடுகிறேன்.

ஆட்டத்தை நடத்துபவருக்கான 2014 கையேட்டின்படி, தொடக்க நிலைப் பெரும் புதையலில் சராசரியாக 2,100 செப்புக்காசு, 1,050 வெள்ளி, 70 தங்கம் வரும். மொத்த மதிப்பு 196 தங்கம்தான். ஆனால் 50 காசுக்கு ஒரு பவுண்டு என்பது விதி. ஆக எடை 64 பவுண்டைத் தாண்டும்! யார் சுமப்பது? செம்பை மட்டும் மிளகாக மாற்றிவிடுவேன். விதிநூலில் மிளகு பவுண்டு 2 தங்கம். பத்து பவுண்டு மூட்டை ஒன்று கிடந்தால், இது யாரிடம் கொள்ளையடித்தது என்று வீரர்கள் உடனே கேட்கிறார்கள். கதை அங்கேயே கிளம்பிவிடுகிறது.

மந்திரப் பொருள்களை எதிரியின் கையிலேயே கொடுத்துவிடுவேன். கையேட்டின் முதல் மந்திரப் பொருள் பட்டியலில், நூறு வரை எண் தரும் பகடையில் 1 முதல் 50 வரை எது விழுந்தாலும் குணமாக்கும் மருந்து. அடிபட்ட கோப்லின் (குட்டிப் பூத எதிரி) தலைவன் அதைக் குடித்துவிட்டால் புதையலில் ஒரு குப்பி குறையும். அவன் இடுப்பில் குப்பியைப் பார்த்ததுமே வீரர்கள் அவனைத்தான் முதலில் குறிவைக்கிறார்கள்.