ரப்பர் தோட்டத்தில் தேன் பெட்டி வைக்கணுமா? தோட்டக்காரரிடம் அனுமதி கேட்பது இப்படித்தான்

வீட்டு முற்றத்தில் இரண்டு மூன்று பெட்டியோடு தேனீ வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்குப் பெட்டி பத்தைத் தாண்டியதும் வருகிற முதல் பிரச்சினை இடம்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெரிய அளவில் தேன் கிடைப்பது ரப்பரில் இருந்து, ரப்பரோ பெரும்பாலும் அடுத்தவர் விளையில், அதாவது தோட்டத்தில், நிற்கிறது. ஆகவே தேன் எடுக்கத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, இடம் கேட்கவும் தெரிய வேண்டும். அதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பதால் எனக்குத் தெரிந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ரப்பர் தேன் பூவில் இருந்து வருவதில்லை. ஒரு ரப்பர் இலையைப் பறித்துப் பாருங்கள், காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் குட்டியாக மேடு மேடாகத் தெரியும். தளிர் விரிந்து முற்றி வருகிற அந்தச் சில வாரங்கள் அங்கேதான் தேன் சுரக்கிறது. 1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய கிராமப் புனரமைப்பு வேலையோடு சேர்ந்து இங்கே வேரூன்றிய தொழில் இது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இத்தனை பெயர் வாங்கிய தேனுக்குப் பின்னால், "சரி, வச்சுக்கோ" என்று சொன்ன எத்தனையோ தோட்டக்காரர்கள் இருக்கிறார்கள்.

படி 1: கார்த்திகையிலேயே கேளுங்கள்

ரப்பர் மார்கழி, தை மாதங்களில் இலை உதிர்க்கும். அப்புறம் தளிர்க்கும். மாசி, பங்குனி தேன் காலம், சில இடங்களில் சித்திரை வரை இழுக்கும். தளிர் வந்த பிறகு இடம் தேடிக் கிளம்பினால் காரியம் நடக்காது, ஏனென்றால் நூற்றுக்கணக்கில் பெட்டி வைத்திருக்கிறவர்கள் வருஷக்கணக்காக ஒரே தோட்டத்தில் வைப்பார்கள், அவர்களுக்கும் தோட்டக்காரருக்கும் இடையே வாய்ப்பேச்சிலேயே ஓர் ஏற்பாடு இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் தோட்டத்தில் பால்வெட்டு (பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பது) நடந்துகொண்டிருக்கும், ஆட்கள் இருப்பார்கள், நிதானமாகப் பேசலாம்.

ஏற்கெனவே இன்னொருவர் பெட்டி வைக்கும் தோட்டம் என்று தெரிந்தால் அங்கே கேட்காதீர்கள். கூடுதல் வாடகை தருகிறேன் என்று சொல்லி அடுத்தவர் இடத்தைப் பிடிப்பது இந்தத் தொழிலில் மன்னிக்கப்படாத காரியம். அதோடு நோய்ப் பயமும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் 'தாய் சாக் புரூட்' (Thai sacbrood) வைரஸ் வந்து இந்தப் பக்கத்துப் பெட்டிகளை எப்படிக் காலி செய்தது என்பதைப் பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் பெட்டி நெருக்கமாக இருப்பது இருவருக்கும் நல்லதல்ல.

படி 2: தோட்டத்தைப் பார்ப்பது

குலசேகரம், அருமனை, களியல், கடையாலுமூடு, திருவட்டாறு என்று எந்தப் பக்கம் போனாலும் ரப்பர்தான், ஆனால் எல்லாத் தோட்டமும் பெட்டிக்கு ஏற்றதல்ல. பிக்கப் வண்டி உள்ளே வரைக்கும் போகுமா, பக்கத்தில் வீடு, பள்ளிக்கூடம், மாட்டுத்தொழுவம் எவ்வளவு தூரம், தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வீட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் தோட்டம் வேண்டாம். பெட்டியைக் கொண்டுபோய் வைத்தாலும் ஈக்களில் பாதி பழைய இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: இன்னும் பால்வெட்டு தொடங்காத, ஐந்தாறு வயது மரங்கள் நிற்கும் விளையைத் தேடுங்கள். ரப்பரை வெட்டத் தொடங்க ஏழு வருஷம் போல ஆகும், ஆனால் இலையும் தேனும் அதற்கு முன்பே உண்டு. அங்கே அதிகாலையில் ஆள் நடமாட்டம் கிடையாது என்பதால் கொட்டு வாங்கினோம் என்ற புகாரும் குறைவு.

பார்க்கப் போகும்போது பகலில் போங்கள். பேச்சிப்பாறை, பத்துகாணி, ஆறுகாணி, கீரிப்பாறை போன்ற காட்டோரப் பகுதிகளில் இது ரொம்ப முக்கியம். அந்தி நேரத்தில் கையில் டார்ச்சும் வெட்டுக்கத்தியுமாகத் தெரியாத ஆள் ஒருவர் தோட்டத்துக்குள் நின்றால், காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைக்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், சொந்த நிலமாக இருந்தாலும் உரிமையாளர் சம்மதித்தாலும் குற்றம்தான். தன் தோட்டத்தில் கண்ணி கிடந்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தோட்டக்காரர் என்பதால் அவர் அப்படிச் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. முதலில் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும்.

வனத்துறை நிலம், அரசு ரப்பர் கழகத் தோட்டம் இரண்டும் இந்தக் கணக்கில் வராது. அங்கே அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு பெட்டிகூட வைக்க வேண்டாம்.

படி 3: யாரிடம் கேட்பது?

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தோட்டத்தில் நிற்கிறவர் உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கலாம், நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ இருக்கலாம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்காத குடும்பச் சொத்தாக இருக்கலாம், அப்படியானால் ஒருவர் சரி சொன்னதை மட்டும் நம்பிப் பெட்டி இறக்காதீர்கள், மற்றவர்களுக்கும் ஒரு போன் போட்டுவிடச் சொல்லுங்கள். மரம் முறிக்கப் போகிற தோட்டம் என்றால் கடைசி ஒன்றிரண்டு வருஷத்து வெட்டை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள், அப்போது குத்தகைக்காரரின் சம்மதமும் வேண்டும். கோயில் நிலம், சர்ச் நிலம் என்றால் நிர்வாகக் குழு.

இவர்கள் எல்லாரையும்விட நான் முக்கியமாக நினைப்பது பால் வெட்டுகிறவரைத்தான். உரிமையாளர் மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறவர். விடியற்காலை இருட்டில் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மரமாக நடக்கிறவர் வெட்டுக்காரர். பெட்டிப் பக்கம் அந்த வெளிச்சம் பட்டால் ஈ விளக்கை நோக்கித்தான் வரும், அந்த விளக்கு அவர் முகத்துக்கு மேலே இருக்கிறது. எந்தப் பக்கம் மரம் காய்ந்து வெட்டு விட்டுப்போயிருக்கிறது, எந்த வரிசை வழியாக அவர் பால் எடுத்துக்கொண்டு இறங்குவார், இலை உதிரும் காலத்தில் எத்தனை வாரம் வெட்டை நிறுத்துவார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பெட்டி வைக்க இடத்தைக் காட்டச் சொல்லி அவரிடமே கேளுங்கள். அவர் காட்டிய இடத்தில் வைத்தால் அதைப் பார்த்துக்கொள்கிறவரும் அவராகவே இருப்பார். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் உரிமையாளர் சம்மதித்திருந்தாலும் அந்தத் தோட்டம் வேண்டாம். அது அவர் பிழைப்பு நடக்கிற இடம்.

படி 4: பேச்சு

போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். மதியச் சாப்பாட்டு நேரமும் ஞாயிற்றுக்கிழமை காலையும் வேண்டாம். எத்தனை பெட்டி, எந்த மூலை, எவ்வளவு நாள் என்று இந்த மூன்றையும் முதல் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"பாட்டா, நான் வேர்கிளம்பியிலே இருந்து வாறேன். தேனீ வளர்க்கேன். ஒங்க ரப்பர் விளையிலே மாசி, பங்குனி ரெண்டு மாசத்துக்கு ஒரு பத்துப் பெட்டி வைக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"ஈ கொட்டாதா மக்கா?"

"கொட்டும் பாட்டா. பெட்டியைத் தட்டினாலோ அதுக்க வாசலுக்கு நேரே நின்னாலோ கொட்டும். அதான் ஆளு நடக்காத மேற்கு மூலையிலே வைக்கலாம்னு நினைச்சேன். வெட்டுகிற அண்ணன்கிட்டயும் கேட்டேன், அவரும் அந்த இடத்தைத்தான் காட்டினார்."

கொட்டவே கொட்டாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் இந்தியத் தேனீ சாதுதான், ஆனாலும் கொட்டும். முதல் வாரத்தில் யாராவது ஒருவர் கொட்டு வாங்கினால், அதோடு உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் "பால் குறையுமா?" என்பதாக இருக்கும். குறையாது. இலைக்காம்பில் தானாக ஊறி நிற்பதைத்தான் ஈ எடுக்கிறது, பட்டையில் வரும் பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓர் இலையைப் பறித்து அந்த இடத்தைக் காட்டுங்கள், காலமெல்லாம் ரப்பரோடு வாழ்ந்தவர்கள்கூட அதைக் கவனித்திருக்க மாட்டார்கள், ஆர்வமாகப் பார்ப்பார்கள்.

வாய்விட்டுக் கேட்காத ஒரு பயமும் உண்டு. இன்று பெட்டி வைக்கிறவன் நாளை நிலத்தில் பாத்தியதை கொண்டாடுவானோ என்பது. அதற்கு அடுத்த படியில் வழி இருக்கிறது.

ஒரு கேள்வியை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்: வீட்டிலோ தோட்டத்து ஆட்களிலோ யாருக்காவது முன்பு தேனீயோ குளவியோ கொட்டி மூச்சு முட்டியதோ மயக்கம் வந்ததோ உண்டா? உண்டு என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். எவ்வளவு நல்ல தோட்டமாக இருந்தாலும் சரி.

முடியாது என்று சொன்னால் காரணம் கேட்டு வாதாட வேண்டாம். உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

படி 5: ஒரு தாள், ஒரு பேச்சுவார்த்தை

வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். பெட்டிகளின் எண்ணிக்கை, எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை, நிலத்தில் எனக்கு எந்த உரிமையும் இல்லை, எடுக்கச் சொன்னால் இத்தனை நாளில் எடுத்துவிடுவேன், பெட்டியால் ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு என்னுடையது. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமலேயே நீங்கள் எழுதிக் கொடுப்பதுதான் சரி.

சிலர் பெட்டிக்கு இவ்வளவு என்று வாடகை கேட்பார்கள், சிலர் தேன் போதும் என்பார்கள், சிலர் ஒன்றும் வேண்டாம் என்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்றவருக்கும் தேன் கொடுங்கள், வெட்டுக்காரர் வீட்டுக்கும் தனியாக ஒரு பாட்டில். உரிமையாளருக்குக் கொடுத்ததில் இருந்து அவர் பங்கு கொடுப்பார் என்று விட்டுவிடக்கூடாது.

படி 6: பெட்டி இறக்கிய பிறகு

இருட்டிய பிறகு ஈ எல்லாம் அடைந்ததும் வாசலை மூடிக் கொண்டுபோய் இறக்குங்கள். பெட்டி மேலே உங்கள் பெயரும் போன் நம்பரும் பெரிதாக இருக்கட்டும். வாசல் நடைபாதையைப் பார்க்கக் கூடாது. பெட்டிப் பக்கத்திலேயே சட்டியில் தண்ணீரும் அதில் ஈ உட்காரச் சில சல்லிக்கல்லும் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அது பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்கும் பைப்புக்கும் போகும், மறுநாளே சண்டை வரும். ஈ பறக்கும்போதே எச்சமிடும், மஞ்சள் மஞ்சளாகப் புள்ளி விழும், ஆகவே துணி காயப்போடும் கொடிக்கும் ரப்பர் ஷீட் உலர்த்தும் இடத்துக்கும் தள்ளியே வையுங்கள்.

கந்தகத் தூள் விஷயம் மறக்கக் கூடாதது. தளிர்க்கும் சமயத்தில் சாம்பல் நோய் வராமல் இருக்கச் சில தோட்டங்களில் அதிகாலையில் கந்தகம் அடிப்பார்கள், அதே நேரம்தான் நமக்குத் தேன் காலம். அடிக்க வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டு வையுங்கள், முந்தின நாள் இரவே போய், காற்றுப் போக இடம் விட்டு வாசலை அடைத்து, தூள் அடங்கிய பிறகு திறந்துவிடலாம். களைக்கொல்லி, பக்கத்து வாழைக்கு அடிக்கும் மருந்து எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான்.

யாராவது கொட்டு வாங்கினால் உடனே போங்கள். கொடுக்கைக் கிள்ளி எடுக்காமல் நகத்தால் வழித்து எடுக்கச் சொல்லிக்கொடுங்கள். மூச்சுத்திணறலோ உடம்பு முழுக்கத் தடிப்போ தெரிந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும், வீட்டு மருந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

படி 7: திரும்பி எடுக்கும்போது

சொன்ன தேதிக்கு முன்பே எடுத்துவிடுங்கள். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துவிட்டால் தோட்டத்துக்குள் வண்டி இறங்காது. பெட்டிக்கு நட்ட கால், கட்டின கயிறு, கழிந்த தேனடை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, வெட்டுக்காரரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் தேனைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது ஒரு விஷயத்தைச் சொல்லியே கொடுங்கள். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அடியில் சீனி போலப் பரலாக நிற்கும். பாட்டிலை வெயிலிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும். இதைச் சொல்லாமல் கொடுத்தால் சீனிப்பாகு கலந்து கொடுத்துவிட்டான் என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள், கார்த்திகையில் நீங்கள் மறுபடி அந்த வாசலில் போய் நிற்கும்போது அதுதான் முதலில் அவர்கள் நினைவுக்கு வரும்.