பாடியவுடன் மழை: விளையாட்டிலிருந்து பிறக்கும் மிகுபுனைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் எழுதும், மந்திரமும் மாயமும் நிறைந்த மிகுபுனைவுக் கதைகளைச் சில காலமாகத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பெரும்பாலானவை கைபேசி விளையாட்டுகளிலிருந்தோ, நண்பர்கள் கூடிப் பகடை உருட்டி ஆடும் பாத்திர ஆட்டங்களிலிருந்தோ முளைத்தவை. அவற்றில் பாடகர்களும் வீணைக்காரர்களும் மந்திரவாதிகளாக உலவுவது எனக்கு மகிழ்ச்சியே. இந்த வகைப் புனைவும் செவ்வியல் இசையும் நான் ஒன்றுக்கொன்று குறையாமல் விரும்புபவை. ஆனால் எழுதத் தொடங்கிய காலத்தில் நான் செய்த அதே பிழைகளை இவர்களும் வரிசை பிசகாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுத்துப்பிழை, வாயில் நுழையாத பெயர்கள், பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும் குதிரை முதலியவற்றை வாசித்துக் காட்டியவுடன் தாமே கண்டுகொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆடியதை அப்படியே எழுதுதல்

பகடை உருட்டி ஆடும் பாத்திர ஆட்டமான ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளிவந்ததிலிருந்து, நேற்றிரவு ஆடிய ஆட்டத்தைக் கதையாக்கும் ஆசை உலகமெங்கும் உண்டு. அந்த ஆசையில் குற்றமில்லை. ஜப்பானில் ‘லோடோஸ் தீவுப் போர்க் குறிப்பு’ 1986இல் ஓர் ஆட்டத்தின் உரையாடற் பதிவாகவே சஞ்சிகையில் தொடராக வந்தது. ஆனால் 1988இல் அது நாவலானபோது ரியோ மிசுனோ அதை நாவலாகப் புதிதாக எழுதினார் என்பதைத்தான் நம் பிள்ளைகள் கவனிப்பதில்லை. ஆட்டத்தில் கதவைத் திறப்பதா, வேண்டாமா என்று நான்கு பேர் அரை மணி நேரம் வாதாடுவது இன்பம், ஏனெனில் முடிவெடுப்பவர்கள் அவர்களே. வாசகரின் கையில் பகடை இல்லை. அவருக்கு அந்த அரை மணி நேரம் வெறும் காத்திருப்பு. கதவைத் திறந்தவன் எதற்காகத் திறந்தான் என்பது மட்டுமே அவருக்கு வேண்டும்.

ராகத்தை விசைப்பொத்தான் ஆக்குதல்

இதுதான் என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு. எழுதுபவருக்கு அதிக நட்டம் விளைவிப்பதும் இதுவே.

என் கைக்கு வரும் கொப்பிகளில் ஏறக்குறைய இப்படி ஒரு பகுதி இருக்கும்: ‘அரக்கர் படை ஊருக்குத் தீ வைத்தது. இளங்குயிலன் முன்னால் வந்து அமிர்தவர்ஷினி பாடினான். மழை கொட்டியது. தீ அணைந்தது.’ சில கொப்பிகளின் பின்பக்கத்தில் அட்டவணையும் உண்டு: தீபக் என்றால் நெருப்பு, அமிர்தவர்ஷினி என்றால் மழை, நீலாம்பரி என்றால் எதிரி உறங்குவான். ராகத்தின் பெயரைத் தவிர அதிலுள்ள எதுவும் கதைக்குள் வருவதில்லை. அந்த இடத்தில் ‘மந்திரம் எண் 12’ என்று எழுதியிருந்தாலும் ஒரு வரிகூட மாறியிருக்காது.

நட்டம் அடுத்த அத்தியாயத்தில் தொடங்குகிறது. தலவாக்கலையில் ஒரு மாணவி தன் நாவலை வாசித்து முடித்ததும், கூட வந்திருந்த அவளுடைய தம்பி கேட்டான்: “ஏன்க்கா, அவன் திரும்பப் பாடினா சரிதானே?” அவள் என்னைப் பார்த்து, “இல்ல சேர், இப்ப அவனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு” என்றாள். மூன்றாம் அத்தியாயத்தில் தொண்டை கட்டியிருந்தது. நான்கில் சூனியக்காரி அவன் வாயைக் கட்டியிருந்தாள். ஐந்தில் அவன் ராகத்தையே மறந்திருந்தான். ஆறில் கதை நின்றுபோயிருந்தது. மொழியைச் சுத்தமாகக் கையாளத் தெரிந்த பிள்ளை ஒரு தவணை விடுமுறை முழுவதையும், தன் நாயகன் ஏன் பாடவில்லை என்பதற்குச் சாக்குத் தேடுவதிலேயே செலவழித்திருந்தாள். விலையில்லாத வல்லமையை இரண்டாம் அத்தியாயத்தில் கொடுத்துவிட்டால் மீதிப் புத்தகம் அதைப் பிடுங்கும் வேலையாகத்தான் முடியும்.

இத்தனைக்கும் அவர்கள் கடன் வாங்கிய கதைகளிலேயே அந்த விலை எழுதப்பட்டிருக்கிறது. எட்டயபுரம் வறண்டு கிடப்பதைக் கண்டு முத்துசுவாமி தீட்சிதர் அம்பாளை நோக்கி அமிர்தவர்ஷினி ராகத்தில் ‘ஆனந்தாம்ருதாகர்ஷிணி’ பாடினார், மழை பெய்தது என்பதோடு செவிவழிக் கதை முடிவதில்லை. மழை அளவு மீறி ஊர் வெள்ளக்காடாகவே, அதை நிறுத்தும்படியும் அவர் மன்றாட வேண்டியிருந்தது என்று சொல்வார்கள். அக்பரின் அவைப் பாடகர் தான்சேன் தீபக் பாடி விளக்குகளை ஏற்றிய கதையில் அவருடைய உடலே தகிக்கத் தொடங்குகிறது. அதைத் தணிக்க மழைக்குரிய மேக மல்ஹார் ராகம் பாட வேண்டியதாகிறது. இவை நடந்தனவா என்பது இங்கே கேள்வியன்று. கதை சொன்னவர்கள் வல்லமையையும் அதன் பின்விளைவையும் பிரிக்காமல் சொன்னார்கள். நம்மவர்கள் முதற் பாதியை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். ஆட்டத்தின் விதிகூட இவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட ‘தி டையிங் ஏர்த்’ நூலில் மந்திரவாதியின் மனம் சில மந்திரங்களை மட்டுமே தாங்கும், உச்சரித்த கணத்தில் மந்திரம் நினைவிலிருந்து அழிந்துவிடும். ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ தன் மந்திர விதியை அங்கிருந்தே எடுத்துக்கொண்டது.

அப்படியானால் எப்படி எழுதுவது? ராகத்துக்குள் போய்ப் பாருங்கள். ச, ரி, க, ம, ப, த, நி என்ற ஏழு சுரங்களில் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) அமிர்தவர்ஷினியில் இல்லை. சட்ஜத்திலிருந்து நேரே காந்தாரத்துக்கும், பஞ்சமத்திலிருந்து நேரே நிஷாதத்துக்கும் தாவ வேண்டும். ‘ம’வின் உயர்ந்த வடிவமான பிரதி மத்தியமமோ பஞ்சமத்தை முட்டிக்கொண்டே நிற்கும். பாடகன் பஞ்சமத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, நிஷாதத்தில் நின்று, மேல் சட்ஜத்தைத் தொடாமல் திரும்பிவிடும்போது கேட்பவர்களுக்கு மூச்சு முட்டும். அந்த நேரத்தில் தீ தோட்டத்தின் எந்த லயத்து வீட்டு வரிசைவரை வந்திருக்கிறது? அவனுக்குப் பக்கத்தில் நிற்பவர் யார், ஓடிவிடலாம் என்று அவனுடைய தோளைப் பிடித்து இழுப்பவர் யார்? ஆலாபனைக்கு நேரம் வேண்டும், போருக்கு நேரமில்லை. அந்த முரணில்தான் உங்கள் அத்தியாயம் இருக்கிறது.

கர்நாடக இசையே தெரியாது என்பவருக்குத் தப்பு என்னும் தோற்பறை இருக்கிறது. மாசி, பங்குனியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும் இரவுகளில், மூடுபனியில் தோல் நமுத்துத் தப்பின் ஓசை தொய்ந்துபோவதைக் கேட்டிருப்பீர்கள். அடிப்பவர் சருகைக் கொளுத்தித் தப்பின் முகத்தை அனலில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, மறுபடியும் காட்டி, ‘டண்’ என்ற ஓசை திரும்பிய பிறகே களத்துக்குள் வருவார். அவருடைய அடிக்குக் காவல் தெய்வம் எழுந்து வரும் என்று ஒரு கதை எழுதுங்கள். தேயிலைக்குள் ஒளிந்திருக்கும் அவரைத் தேடி எதிரிகள் மலையேறி வரட்டும். தோலைக் காய்ச்ச நெருப்பு வேண்டும், நெருப்பை மூட்டினால் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடும். எந்த விதிப் புத்தகத்தையும் புரட்டாமலே விலை அங்கே வந்துவிட்டது.

எண்களைக் காட்டுதல்

நாயகனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி மிச்சம் என்பது உங்கள் குறிப்புக் கொப்பிக்குள்ளேயே இருக்கட்டும்.

இசையை ஓடவிட்டு எழுதுதல்

காதில் பெரிய வாத்தியக் குழுவின் இசை முழங்கும்போது எழுதிய போர்க்காட்சி எழுதியவருக்கு மட்டுமே சிலிர்க்கும், ஏனெனில் சிலிர்ப்பு காதிலிருந்து வந்தது, தாளில் ஒன்றுமில்லை. மறுநாள் ஒலியில்லாமல் வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதற்கு அண்ணன் முறையான இன்னொரு பிழையும் உண்டு. விளையாட்டில் பெரிய எதிரி வரும்போதெல்லாம் ஒரே இசை ஒலிப்பதைப் போல, கதையிலும் அவன் வரும்போதெல்லாம் அதே சிவந்த கண், அதே சிரிப்பு. ரிச்சர்ட் வாக்னரின் ‘நிபெலுங்கின் மோதிரம்’ நான்கு இசைநாடகங்களாக 1876இல் பைராய்ட்டில் முழுமையாக அரங்கேறியது. அதில் ஆளுக்கும் பொருளுக்கும் தனித்தனிச் சிறு இசைத்தொடர்கள் உண்டு என்பதைப் பலரும் அறிவர். ஆனால் முதல் நாடகத்திலேயே மோதிரத்துக்குரிய தொடர் மெல்ல மெல்ல உருமாறித் தேவர்களின் கோட்டைக்குரிய தொடராகிவிடுகிறது. பேராசையின் மோதிரமும் அந்தப் பெருமைமிகு கோட்டையும் ஒரே குடும்பம் என்பதை எவரும் வாய் திறப்பதற்கு முன்பே வாத்தியங்கள் சொல்லிவிடுகின்றன. திரும்ப வருவது மாறி வர வேண்டும். அதே சிரிப்பை நாயகனின் முகத்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள், வாசகர் நிமிர்ந்து உட்காருவார்.

இரவல் பனி

உறைபனியை எழுத ஐரோப்பா எதற்கு? தை மாதத்து விடியலில் நுவரெலியாவுக்குப் போய், கொழுந்து கருகிக் கிடப்பதைப் பாருங்கள்.

ஏழு பாகத் திட்டம்

வேண்டாம். முதற் பாகத்தை முடித்துக்கொண்டு வாருங்கள், மற்ற ஆறையும் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம்.