ஊரில் நிற்கும் பழைய காரை இரண்டு மாதம் முன்பே தயார் செய்யுங்கள்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் விமான டிக்கெட்டை மாசியிலேயே எடுத்துவிடுகிறார்கள். வீட்டுக் கொட்டகையில் நிற்கும் காரின் நினைவு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிறகுதான் வருகிறது. 2020 பங்குனியில் நின்ற வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு 2025 மாசியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அதனாலும் இருபது, இருபத்தைந்து வயதுக் கார்கள் யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகின்றன. அவற்றை நம்பிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் வேலை இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வவுனியா நோக்கிப் புறப்பட்டோம். மாங்குளத்துக்கு அருகே ரேடியேற்றர் குழாய் வெடித்தது. இருட்டுகிற நேரம், பின் இருக்கையில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். அதற்கு முதல் நாள்தான் சேவிஸ் முடித்து எடுத்த கார். ஒயில் மாற்றியிருந்தார்கள். அந்தக் குழாயை ஒருவரும் அமத்திப் பார்க்கவில்லை, பார்க்கும்படி நானும் கேட்கவில்லை.

ஓடாத கார் தேயாது என்ற எண்ணத்தை விடுங்கள். நிற்கும்போதே ரப்பர் இறுகி வெடிக்கிறது, பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது, பற்றறி இறங்குகிறது. ஆகவே கிலோமீற்றரை மட்டும் பார்த்துத் திட்டமிடாமல், எந்தப் பொருள் எத்தனை வருடம் பழையது என்று கேளுங்கள். பிறேக் ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும்: 2317 என்றால் 2017 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் செய்தது. பூ (ரயரின் வெட்டுக் கோடுகள்) தேயாமல் இருந்தாலும் பத்து வயது ரயரில் கண்டி–யாழ்ப்பாண ஏ-9 வீதியில் ஏறாதீர்கள்.

கிணற்றுத் தண்ணீரும் ஒரு தொல்லை. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள் படியும் அந்த வெள்ளைப் படிவுதான் ரேடியேற்றருக்குள்ளும் படிந்து அதன் மெல்லிய வழிகளை அடைக்கிறது. “குறைந்திருந்தது, கொஞ்சம் தண்ணீர் விட்டேன்” என்று வீட்டில் யாராவது சொன்னால், முழுவதையும் வடித்துக் கழுவிப் புதிய கூலன்ற் (இயந்திரத்தைக் குளிர்விக்கும் திரவம்) விடச் செய்யுங்கள். கூடவே குழாய்கள், தேர்மோஸ்ரற், மூடி ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள்.

இயந்திரத்தின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் பட்டியான ரைமிங் பெல்ற் எப்போது மாற்றியது என்று யாருக்கும் தெரியாவிட்டால், மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பல இயந்திரங்களில் அது அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். அதைக் கழற்றும்போதே வோட்டர் பம்பையும் மாற்றினால் கூலி ஒரு தடவையோடு முடியும்.

உதிரிப்பாகங்களை மொடல் பெயர் சொல்லி வெளிநாட்டில் வாங்காதீர்கள். 1998 ஆம் ஆண்டுக் கொரோலா கனடாவிலும் உண்டு, அதில் 1.8 லீற்றர் இயந்திரம். ஊரில் நிற்கும் கொரோலா 110 இல் பெரும்பாலும் 1.5 லீற்றர். காரின் உடற்சட்டத்தில் பொறித்த செசி இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதை வைத்தே தேடுங்கள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில், பழைய கார்களில் கழற்றிய விளக்கும் கதவுக் கைபிடியும் தாராளமாக வாங்கலாம். பிறேக், பெல்ற், குழாய் மூன்றும் புதியவையாகவே இருக்கட்டும்.

மெக்கானிக்கிடம் நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். “அண்ணை, கழற்றிய பழைய பொருட்களை எறியாமல் வையுங்கள், வந்து பார்க்கிறேன்” என்று மரியாதையாகச் சொன்னால் அவருக்கும் மனம் நோகாது. புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் திகதிகளையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் பருத்தித்துறை வரை ஓடித் திரும்புங்கள். மறுநாள் காலை, இயந்திரம் ஆறியிருக்கும்போது கூலன்ற் மட்டத்தையும், கார் நின்ற நிலத்தில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். நீண்ட பயணத்தை அதற்குப் பிறகு வையுங்கள்.

திரும்பும் முன் மச்சானிடமோ சித்தப்பாவிடமோ சாவியைக் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒரு முறை அரை மணி நேரம் வீதியில் ஓட்டச் சொல்லுங்கள். முற்றத்தில் ஸ்ராட் செய்து நிறுத்துவது போதாது. ஓட்ட ஆளில்லை என்றால், பற்றறியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் புறப்படுங்கள்.