பழைய தீர்ப்பு இருக்கும்போது புது வழக்கு போட முடியுமா? படிப்படியாகப் பார்க்கும் முறை

உரிமையியல் (சிவில்) வழக்கில் தோற்றவர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி, "புதுசா இன்னொரு கேஸ் போடலாமா?" பெரும்பாலும் முடியாது. இந்தியாவில் அதைத் தடுப்பது 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 11-வது பிரிவு. இதை முன்தீர்ப்புத் தடை என்பார்கள். வக்கீல்கள் ரெஸ் ஜுடிகேட்டா என்றே சொல்வார்கள். உங்கள் வழக்குக்கு அந்தத் தடை உண்டா என்று இப்படிப் பாருங்கள்.

படி 1: பழைய வழக்கின் பிராது (வாதி தாக்கல் செய்த வழக்குரை), எதிருரை (பிரதிவாதியின் பதில்), தீர்ப்பு, தீர்ப்பாணை (தீர்ப்பின்படி எழுதப்படும் டிக்ரி) நான்குக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். தீர்ப்பு மட்டும் போதாது.

படி 2: இரண்டு வழக்கிலும் கட்சிக்காரர்கள் (வாதி, பிரதிவாதி) ஒன்றா? வாரிசும், பின்னால் சொத்தை வாங்கியவரும் இதில் அடக்கம். அப்பா தோற்ற வழக்கை, அவர்வழி வந்த உரிமையை வைத்து மகன் மறுபடி நடத்த முடியாது.

படி 3: தீர்ப்பில் எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் முடிவு செய்ய எடுத்துக்கொண்ட கேள்விகள், இருக்கும் பக்கத்தை எடுங்கள். எல்லோரும் கடைசிப் பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். விஷயம் இருப்பது இங்கே. ஒரு காலிமனைக்கு நிரந்தர உறுத்துக் கட்டளை (தலையிடக் கூடாது என்ற தடை உத்தரவு) மட்டும் கேட்டீர்கள், "வாதியிடம் அனுபவம் இல்லை", அதாவது மனை அவர் கைவசம் இல்லை என்று வழக்கு தள்ளுபடி ஆனது என்று வையுங்கள். மனை யாருக்குச் சொந்தம் என்ற எழுவினாவே இல்லை, அதைப் பற்றி முடிவும் சொல்லவில்லை என்றால், உரிமை விளம்புகையும் (மனை எனக்குச் சொந்தம் என்ற அறிவிப்பு) சுவாதீனமும் (மனையைக் கைவசம் ஒப்படைப்பது) கேட்கும் அடுத்த வழக்கை 11-வது பிரிவு பொதுவாகத் தடுக்காது. உரிமை பற்றியும் சாட்சி விசாரித்து முடிவு சொல்லியிருந்தால், அத்துடன் சரி, தடை வரும்.

"அந்த உயிலை அப்போது காட்டவில்லை, இப்போது காட்டுகிறேன்" என்பதும் எடுபடாது. முதல் வழக்கிலேயே வைத்திருக்க வேண்டிய வாதத்தை விட்டுவிட்டால், அதையும் வைத்துத் தோற்றதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 11-வது பிரிவின் 4-வது விளக்கம் இது. நியாயமான கோரிக்கைகள் நிறைய இதில்தான் அடிபட்டுப் போகின்றன.

படி 4: வழக்கு எப்படி முடிந்தது? அதிகார வரம்பு இல்லை என்று திருப்பிய வழக்கு தடையாகாது. எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (பிரதிவாதி வராததால் ஒருதலையாகச் சொன்னது) தடையாகும். பிரதிவாதி வந்து, வாதி வராமல் தள்ளுபடியானால் 11-வது பிரிவு வராது; ஆனால் அதே வழக்குமூலத்தில் (வழக்குக்குக் காரணமான அதே சம்பவங்களை வைத்து) புது வழக்கு போட அதே சட்டத்தின் ஆணை 9 விதி 9 விடாது. தள்ளுபடியான வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கக் கேட்டு 30 நாளுக்குள் மீட்பு மனு போட வேண்டும். மோசடியால் வாங்கிய தீர்ப்பின் கதை வேறு: முக்கிய ஆவணத்தை மறைத்துப் பெற்ற தீர்ப்பாணை செல்லாது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நீங்கள் பிரதிவாதியா? தடையை எதிருரையிலேயே எழுதுங்கள், பழைய நகல்களைச் சான்றாவணமாகக் குறியீடு செய்யுங்கள். பிராதை ஆரம்பத்திலேயே நிராகரிக்கச் சொல்லும் ஆணை 7 விதி 11 மனுவை மட்டும் நம்ப வேண்டாம். முன்தீர்ப்புத் தடையைப் பொதுவாக அதில் முடிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது.

தடை இருக்கிறது என்று தெரிந்தால், மீதி வழி மேல்முறையீடு. மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். நகல் தயாராகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. ஆனால் நகல் மனு கெடுவுக்குள் போட்டிருக்க வேண்டும். அதனால் புது வழக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் நகல் மனுவைப் போட்டுவிடுங்கள்.